உப்பு ஆவியாவதில்லை

மன்னார்
12.05.2024

அன்புள்ள ஜஹானா,

நான் எத்தனை தரம் அழைத்தாலும் நீர் போனை எடுக்கிறீரில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டீர் என்று நீலக் கோடு காட்டுகிறது, பதில்தான் இல்லை. ஆகவே கடிதம். உம்முடைய பள்ளிக்கூட விலாசத்தை உம்மோடு படித்தவர்களிடம் கெஞ்சி வாங்கினேன். தபாற்காரரை நீர் ‘புளொக்’ பண்ண ஏலாது.

பல்கலைக்கழகத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு நான் இங்கே வந்து ஒரு வருடமாகிறது. கரையோரம் கைவிடப்பட்டுக் கிடந்த, மீனுக்கு ஐஸ் போடும் கொட்டில் ஒன்றைத் திருத்தி, மாணவருக்கான களப்பயிற்சி நிலையமாக்கியிருக்கிறோம். இங்கே விரிவுரை கிடையாது. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று கடற்புல்லை எண்ண வேண்டும், சேற்றைச் சல்லடையில் அரித்து என்ன உயிர் அகப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஆகஸ்ட் விடுமுறையில் மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் வைக்கிறேன். அதில் ஒரு பிள்ளைக்கு, உயர்தரப் பரீட்சை முடியும்வரை நானே வழிகாட்டியாக இருப்பேன்.

அந்தப் பிள்ளை யார் என்று முடிவு பண்ணிவிட்டேன். போன மாதம் கண்டியில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சிக்கு நடுவராக வந்திருந்தேன். கெலிஓயாவில் இருந்து லோஜினி என்று ஒருத்தி கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தாள். கடலே இல்லாத ஊரில் கடற்சாமந்தி விரிந்து நிற்கிறது! யார் ஆசிரியர் என்று கேட்டேன். உம்முடைய பெயரைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் காட்டாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

அவளை அனுப்பி வையும், ஜஹானா. எங்களுக்குள் இருக்கிற கோபத்தை அவள் தலையில் வைக்க வேண்டாம்.

அன்புடன்,
சுகந்தினி


கெலிஓயா
26.05.2024

அன்புள்ள மிஸ்,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனை ஏன் எடுப்பதில்லை என்றால், உங்கள் குரலைக் கேட்டவுடன் நான் “சரி மிஸ்” என்று சொல்லிவிடுவேன். எழுதினால்தான் எனக்கு இல்லை என்று சொல்ல வரும்.

இல்லை மிஸ். லோஜினியை அனுப்ப மாட்டேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் பக்கத்தில் நின்றுதான் உங்களுக்குத் தெரியும், என் பக்கத்தில் நின்று தெரியாது. பல்கலைக்கழகத்தில் என் கடைசி வருடத்தில் கடலட்டைக் குஞ்சுகளை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க எடுத்தேன். வாப்பா கடை லொறியில் திருகோணமலை வரைக்கும் போய்ப் பீப்பாய்களில் கடல்நீர் கொண்டுவந்து தந்தார். தினமும் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் குறையும். குறைந்த அளவுக்கு நான் பீப்பாயில் இருந்த கடல்நீரை ஊற்றினேன். கடல்நீர் குறைந்தால் கடல்நீரைத்தானே ஊற்ற வேண்டும் என்று நினைத்தேன். கெலிஓயாவில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடலைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

உங்களுக்குத் தெரியும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டிக்குள்ளேயே நிற்கும், அதனால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஒரு வரி மிஸ். நீங்கள் ஒவ்வொரு பின்னேரமும் வந்து உப்பளவு பார்ப்பீர்கள், அது ஏறிக்கொண்டே போவதைக் காண்பீர்கள், கருவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவீர்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வீர்கள். ஒரு காலையில் வந்து பார்த்தேன். எல்லா அட்டைகளும் குடலை வெளியே தள்ளிவிட்டுச் செத்துக் கிடந்தன. நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது நீங்கள் வகுப்பு முழுவதையும் கூப்பிட்டுத் தொட்டியைச் சுற்றி நிறுத்தினீர்கள். “இனி இதை ஒருத்தரும் மறக்க மாட்டீர்கள்” என்றீர்கள்.

உண்மைதான், நான் மறக்கவில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடாமல் விட்டதும் அதனால்தான். இப்போதும் ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளுக்கு “கெலிஓயாவில் இருந்து ஒருத்தி வந்தாள்” என்று நீங்கள் கதை சொல்வதாகக் கேள்விப்பட்டேன்.

லோஜினிக்குத் தகப்பன் இல்லை. தாய் அழகம்மா இங்கே ஒரு தையல் கடையில் வேலை. தேயிலைத் தோட்டத்தில் இருந்து இறங்கி வந்து, ஒற்றை மெஷினில் இந்தப் பிள்ளையை வளர்க்கிறார். அவளையும் ஒரு கதையாக்க நான் உங்கள் கையில் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஜஹானா


மன்னார்
09.06.2024

அன்புள்ள ஜஹானா,

இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரமும் வந்தது, ஆனால் கொஞ்சம் குறைவாக.

கதை சொல்வதை நிறுத்திவிடுகிறேன். அது உமக்கு வலிக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மற்றதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்க மாட்டேன். அன்று நான் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் நீர் கொப்பியில் எழுதி, சோதனையில் ஒப்புவித்து, மறந்திருப்பீர். சொல்லாததால்தான் இன்றைக்குக் கெலிஓயாவில் ஒரு தொட்டி உயிரோடு நிற்கிறது. நான் பிள்ளைகளுக்குப் பிழையைக் காட்டிக் கொடுப்பதில்லை. அவர்களின் கையே காட்டிக் கொடுக்கட்டும் என்று விடுவேன். எனக்கு வேறு விதமாகப் படிப்பிக்கத் தெரியாது.

உமக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்காட்சியில் லோஜினியிடம் நிறையக் கேள்வி கேட்டேன். ஒவ்வொரு பதிலும் “டீச்சர் சொன்னாங்க” என்றுதான் தொடங்கியது. ஏன் இந்தக் கல்லை இங்கே வைத்தாய்? டீச்சர் சொன்னாங்க. ஏன் காலையில் தீன் போடுகிறாய்? டீச்சர் சொன்னாங்க. பதிலெல்லாம் சரி. பிறகு, “உனக்கு என்ன தோன்றுது பிள்ளை?” என்று கேட்டேன்.  நான் ஏதோ கூடாத வார்த்தை பேசியதுபோல் என்னைப் பார்த்தாள்.

நல்ல மூளை அது. ஆனால் உம்முடைய வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீர் பட்ட வலியை இவள் படக்கூடாது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறீர். கடலுக்கு முன்னால் அது போதாது.

அனுப்பும்.

சுகந்தினி


கெலிஓயா
30.06.2024

அன்புள்ள மிஸ்,

உங்கள் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டி வைத்தேன்.

நான் ஒரு முடிவும் எடுக்காமல் இருந்தபோது அழகம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். முகாமைப் பற்றி நான் லோஜினியிடம் வாய்விட்டிருந்தேன், அவள் தாயிடம் சொல்லியிருக்கிறாள். கதிரையில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. “டீச்சர், நீங்க வேணாம்னா வேணாம், அதுக்கு மேல நாங்க பேச மாட்டோம். ஆனா எம்புள்ள இது வரைக்கும் கடல பாத்ததில்ல. தொட்டியில ஊத்துற தண்ணியத்தான் கடல்னு தொட்டுத் தொட்டுப் பாக்குது” என்றார்.  இன்றைக்கும் திருகோணமலையில் இருந்து வாப்பாவின் லொறியில் வருவது தண்ணீர் மட்டும்தானே.

அனுப்புகிறேன். ஆனால் ஒரு வாக்குத் தாருங்கள். அவள் பிழை விடுவதைக் கண்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அவளுக்கு நீந்தத் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? மகாவலியில் இறங்கினால் தாய்மார் கரையில் நின்று கத்துவார்கள். எனக்கே தெரியாது, கடலைப் படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஜஹானா


மன்னார்
14.07.2024

அன்புள்ள ஜஹானா,

நீர் கேட்கிற முழு வாக்கை என்னால் தர ஏலாது. தந்துவிட்டு ஏமாற்றுவதைவிட இல்லை என்பது மேல். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வேன். மற்றதை அவளே கண்டுபிடிப்பாள். எது ஆபத்து, எது பாடம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியும். இருபது வருடமாக இதே வேலைதான் செய்கிறேன்.

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் ஒருத்தரையும் விட மாட்டேன். தொப்பி, பழைய சப்பாத்து, மாற்று உடுப்பு கொடுத்துவிடும். இங்கே இப்போது தென்மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்று, கண்ணெல்லாம் மண்.

நீர் அனுப்புவதற்கு நன்றி. உமக்கு இது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சுகந்தினி


கெலிஓயா
27.08.2024

மிஸ்,

முகாம் முடிய முன்னமே லோஜினி வீட்டுக்கு வந்துவிட்டாள். மன்னார் ஆஸ்பத்திரியில் இருந்து அழகம்மாவுக்குத்தான் போன் வந்தது. எனக்கு வரவில்லை. நீங்கள் எனக்கு எடுக்கவில்லை. வாப்பாவும் அழகம்மாவும் வேனில் போய்க் கூட்டி வந்தார்கள். வாப்பா சொன்னார், வழி நெடுக அந்தத் தாய் மகளின் கையை விடவே இல்லையாம்.

“தண்ணியில விழுந்துட்டேன்” என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசுகிறாளில்லை. பள்ளிக்கூடத்தில் தொட்டி இருக்கிற அறைப் பக்கமும் வருகிறாளில்லை. அழகம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீங்க சொன்னீங்கன்னுதானே டீச்சர் அனுப்புனேன்” என்று மட்டும் சொன்னார்.

முழங்காலுக்கு மேல் விட மாட்டேன் என்று எழுதியது உங்கள் கைதானே. என்ன நடந்தது என்று ஒன்றும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஜஹானா


மன்னார்
02.09.2024

ஜஹானா,

எழுதுகிறேன்.

இங்கே கடல் வற்றும்போது கரையில் இருந்து வெகுதூரம் சேற்றுத் தரை வெளியே தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் கயிற்றால் ஒரு கட்டம் போட்டு, உள்ளே எவ்வளவு கடற்புல் இருக்கிறது என்று எண்ணக் கொடுத்தேன். லோஜினியின் கட்டம் எல்லாவற்றுக்கும் தூரத்தில். அதற்கும் கரைக்கும் நடுவே ஒரு ஓடை போகிறது. வற்றின்போது அதில் கணுக்கால் தண்ணீர்தான். ஆனால் பெருக்கு வரும்போது தண்ணீர் முன்னால் இருந்து வராது. முதலில் அந்த ஓடைதான் நிரம்பும், நிற்கிறவரின் முதுகுப் பக்கமாக. மலையில் வளர்ந்த பிள்ளைகள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், முதுகைப் பார்க்க மாட்டார்கள்.

இதை நான் வாயால் சொல்லவில்லை. ஓடைக்குள் கோடு போட்ட கம்பு ஒன்றை நடச் சொன்னேன், அடிக்கடி பார்க்கச் சொன்னேன். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். மற்றப் பிள்ளைகள் கம்பைப் பார்த்தார்கள், ஒருத்தர் பின் ஒருத்தராக வந்துவிட்டார்கள். அவர்களுக்கு இது நல்ல பாடமாக இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன், அதையும் மறைக்கவில்லை.

லோஜினி வரவில்லை. தன் கட்டத்துக்குள் நிமிர்ந்து நின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஜஹானா. நானும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது கண்டுகொள்வாள், இப்போது நடப்பாள் என்று நினைத்தேன். கையைக்கூட ஆட்டவில்லை. அன்றைக்குக் காற்று பலம், பெருக்கைத் தள்ளிக்கொண்டு வந்தது. நான் பயந்து ஓடத் தொடங்கியபோது அவளும் நடக்கத் தொடங்கினாள். ஓடைக்குள் இறங்கியதும் நெஞ்சளவு தண்ணீர். கால் வழுக்கியது. தலை மறைந்தது. நான் நீந்திப் போய்ப் பின்னலைப் பிடித்து இழுத்தேன். நிறையத் தண்ணீர் குடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

எது ஆபத்து, எது பாடம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியும் என்று உமக்கு எழுதினேன். அன்று எனக்குத் தெரியவில்லை. உமக்குப் போன் எடுக்காததற்குக் காரணம் வெட்கம். வேறொன்றும் இல்லை.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவளுக்குத்தான் கெட்டித்தனம் எல்லாரையும்விடக் கூட. அவள் மட்டும் ஏன் கம்பைப் பார்க்கவில்லை?

சுகந்தினி


கெலிஓயா
15.09.2024

அன்புள்ள மிஸ்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உங்களைக் கிழிகிழி என்று கிழித்து நாலு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. லோஜினி பேசிவிட்டாள்.

நேற்று மாலை அவளும் நானும் பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். மழை. நீங்கள் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன், ஏன் கம்பைப் பார்க்கவில்லை என்று. “பாத்தேன் டீச்சர்” என்றாள். “முதல் கோடு மறைஞ்சிச்சு, ரெண்டாவதும் மறைஞ்சிச்சு. தண்ணி பின்னால ஏறுதுன்னு எனக்கு வெளங்கிடுச்சு.”

“அப்போ ஏன் வரல்ல?”

“மிஸ் வான்னு சொல்லலையே டீச்சர்.”

 அவள் பொய் சொல்லவில்லை, சமாளிக்கவும் இல்லை. நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. “சொல்லாம எப்புடி டீச்சர் வர்றது? எண்ணி முடிச்சது சரியா பிழையான்னு தெரியாம எப்புடி வர்றது?”

என் வகுப்பில் நான் சொல்லாமல் ஒருத்தரும் எதையும் தொட மாட்டார்கள். அதைத்தான் இவ்வளவு நாளும் ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களைப் போல் ஆகக்கூடாது என்று நினைத்து நினைத்து, தண்ணீர் முதுகில் ஏறினாலும் உத்தரவுக்குக் காத்துக்கொண்டு நிற்கிற ஒரு பிள்ளையை உருவாக்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லாமல் நின்றீர்கள். நீங்கள் சொல்வீர்கள் என்று அவள் நின்றாள். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளை அந்த ஓடைக்குள் இறக்கியிருக்கிறோம். உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு இனி வாய் இல்லை, மிஸ். சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

ஜஹானா


மன்னார்
06.10.2024

அன்புள்ள ஜஹானா,

உம்முடைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நடந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முகம் கண்ணை விட்டுப் போகுதில்லை. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

டிசம்பர் விடுமுறைக்கு இன்னொரு முகாம் வைக்கச் சொல்லி இரண்டு பள்ளிக்கூடங்கள் கேட்டிருக்கின்றன. நான் பதில் போடவில்லை. பிள்ளைகளைத் தண்ணீருக்குள் விட எனக்குப் பயமாக இருக்கிறது. போன கிழமை இங்கத்தைப் பிள்ளைகள் வந்தார்கள், இதே கடலில் பிறந்தவர்கள். “கவனம், கவனம்” என்று கத்திக்கொண்டே நின்றேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்படிப் படிப்பிக்கிறதைவிடக் கொட்டிலைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் விரிவுரை மண்டபத்துக்கே வந்துவிடலாம் போல் இருக்கிறது.

நான் மாணவர்களிடம் புத்தி கேட்டதில்லை. உம்மிடம் கேட்கிறேன். பூட்டட்டா, விடட்டா? எனக்கு ஒரு பதிலைச் சொல்லும்.

லோஜினியின் இடத்தை வேறு ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. அவள் வர வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

சுகந்தினி


கெலிஓயா
24.11.2024

அன்புள்ள மிஸ்,

பதில் பிந்திவிட்டது. உங்கள் கேள்விக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது தெரியும். பூட்ட வேண்டாம். ஓடை எப்படி நிரம்பும் என்பதைக் காலையிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். கடற்புல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள், அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது.

உங்கள் கடிதம் வந்த கிழமை லோஜினியிடம், மன்னாரில் அவளுடைய இடம் அப்படியே இருக்கிறது என்று சொன்னேன். “போகட்டுமா டீச்சர்?” என்று கேட்டாள். போகாதே என்று சொல்ல வாய் துடித்தது. போ என்று சொல்லவும் துடித்தது. “எனக்குத் தெரியாது” என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. நான் அவளைக் கைவிட்டதாகவே நினைத்திருப்பாள். பல நாள் என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்கு வந்து உம்மாவின் மடியில் படுத்து அழுதேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை வந்து நின்றாள். இப்போதைக்கு மன்னாருக்கு வரவில்லையாம். முதலில் நீந்தப் படிக்கப் போகிறாளாம். குண்டசாலைப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் சனிக்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும் பழக்குகிறார்கள் என்று அவளே பஸ் ஏறிப் போய், தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் விசாரித்து, பெயரும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தாய்க்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. அழகம்மா கேள்விப்பட்டு இரண்டு நாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே நீச்சல் உடுப்புத் தைத்துக் கொடுத்தார். எனக்கும் ஒன்று, முழுக்கை வைத்து. “நீங்களும் எறங்குங்க டீச்சர், அது தனியா எறங்குனா எனக்கு மனசு கேக்காது” என்றார்.

அதனால் நானும் இப்போது சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று தண்ணீருக்குள் மூச்சு விடப் பழகுகிறேன். எனக்கு ஒன்றும் சரிவருகிறதில்லை. கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே பயம். அவள் சீக்கிரமே பழகிவிட்டாள்.

நேற்றுப் பழக்குகிற அக்கா அவளைக் குளத்தின் குறுக்கே தனியாக நீந்தச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே கூட வந்தார். நான் படியில் உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் அவளுக்குக் கை தளர்ந்தது, தண்ணீர் வாய்க்குள் போய் இருமினாள். எனக்கு அந்த ஓடைதான் கண்ணுக்குள் வந்தது. “லோஜினி, போதும், திரும்பு!” என்று குளமே அதிரக் கத்திவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளுக்கும் கேட்டது, எனக்கு நிச்சயம். என் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. இருமிக்கொண்டே போய் மறு பக்கச் சுவரைப் பிடித்தாள்.

ஜஹானா